கல்லீரல் கொழுப்பு, இன்சுலின் எதிர்ப்பு, அழற்சி: ஷுல்மன் குழுவின் கட்டுரைகளைப் படிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று தேடுபவர்கள் சீக்கிரமே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஜெரால்ட் ஷுல்மனின் கட்டுரைகளில் வந்து நிற்கிறார்கள். முதுகலை மாணவர்கள், மருத்துவர்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர்' என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள், அவர்கள் கேட்டபடியே கீழே உள்ளன. பின்னால் வரும் பதில்கள் முன்னவற்றைத் தொட்டுச் செல்வதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. இன்சுலின் எதிர்ப்பு இருக்குன்னா எனக்கு சர்க்கரை வியாதி வந்துடுச்சுன்னு அர்த்தமா?

இல்லை. அதே வேலையை முடிக்க உடலுக்கு அதிக இன்சுலின் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். கணையம் ஈடுகொடுத்துக் கூடுதலாகச் சுரக்கும்வரை ரத்தச் சர்க்கரை சரியாகவே இருக்கும். பல ஆண்டுகள்கூட இப்படி ஓடலாம். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் தளரும்போதுதான் சர்க்கரை ஏறத் தொடங்கும்.

எதிர்ப்பு எந்தத் திசுவில் என்பதும் முக்கியம். தசையில் என்றால், சாப்பிட்டபின் குளுக்கோஸை உள்ளே இழுத்துக் கிளைகோஜன் என்ற சேமிப்பு வடிவில் சேர்ப்பது குறையும். கொழுப்புத் திசுவில் என்றால், கொழுப்பமிலங்கள் ரத்தத்தில் கலப்பதை இன்சுலினால் நிறுத்த முடியாது. கல்லீரல் இரவு முழுக்க, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 2 மில்லிகிராம் குளுக்கோஸை வெளியே விடுகிறது. 70 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 8 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இதை இன்சுலின் அடக்க முடியாமல் போனால் வெறும்வயிற்றுச் சர்க்கரை கூடும். இனி வருவதில் பெரும்பகுதி இந்தக் கல்லீரல் கணக்குதான்.

2. கல்லீரல்ல இருக்கிற கொழுப்பு நான் சாப்பிடுற எண்ணெயிலேர்ந்து வருதா?

கொஞ்சம்தான். 2005இல் வெளியான டானலி, பார்க்ஸ் குழுவின் ஆய்வில், கொழுப்பு சேர்ந்த கல்லீரல் கொண்ட 9 பேருக்கு நிலையான ஐசோடோப்பு அடையாளமிட்ட கொழுப்பமிலங்களையும் அசிட்டேட்டையும் நாள்கணக்கில் கொடுத்துப் பிறகு திசுவை எடுத்துப் பார்த்தார்கள். கல்லீரலில் சேமித்த கொழுப்பான ட்ரைகிளிசரைடில் சுமார் 59% ரத்தத்தில் சுற்றும் கொழுப்பமிலங்களிலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு கொழுப்புத் திசு விட்டது. 26% சர்க்கரை, மாவுச்சத்திலிருந்து கல்லீரலே புதிதாகச் செய்தது. நேராகச் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது 15%.

எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு இனிப்புப் பானத்தையும் தொந்தியையும் அப்படியே வைத்திருந்தால் ஸ்கேன் மாறாததற்குக் காரணம் இந்தக் கணக்கு.

3. லேப்ல ஹோமா-ஐஆர் 3.1ன்னு வந்திருக்கு. இதை எவ்வளவு நம்பலாம்?

ஹோமா என்பது இன்சுலின் எதிர்ப்பைக் கணக்கிட 1985இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான சூத்திரம். வெறும்வயிற்று இன்சுலினை (மைக்ரோயூனிட்/மில்லி) வெறும்வயிற்று குளுக்கோஸால் (மில்லிகிராம்/டெசிலிட்டர்) பெருக்கி 405ஆல் வகுக்க வேண்டும். இன்சுலின் 12, குளுக்கோஸ் 104 என்றால் 3.08. வெறும்வயிற்றில் எடுப்பதால் தசையைவிடக் கல்லீரலின் நிலையையே இது அதிகம் காட்டும்.

குழப்பம் பெரும்பாலும் இன்சுலின் அளவீட்டில். ஒவ்வொரு நிறுவனத்தின் கிட்டும் கொஞ்சம் வேறு எண்ணைத் தரும். ஆகவே ஒரு லேபின் 2.4ஐ இன்னொரு லேபின் 3.1உடன் ஒப்பிட வேண்டாம். எடுக்கும்போது ரத்தச் சிவப்பணு உடைந்தால் அதிலுள்ள நொதி இன்சுலினைச் சிதைத்து அளவைக் குறைத்துக் காட்டும். அதிக அளவு பயோட்டின் மாத்திரையும் சில கிட்களில் அளவைக் குறைத்துக் காட்டும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆய்வில் நூற்றுக்கணக்கானவர்களை ஒப்பிட நல்ல கருவி; ஒரே ஆளின் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தூக்கம் கெடத் தேவையில்லை.

4. ஷுல்மன் பேர்ல ஏகப்பட்ட கட்டுரை இருக்கு. எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்?

முதலில் அவர் 2014இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய, இடம்மாறிச் சேரும் கொழுப்பைப் பற்றிய சிறிய மதிப்புரை. பிறகு 1990இல் அதே இதழில் வந்த தசை ஆய்வு. கார்பன்-13 என்னும் கதிர்வீச்சில்லாத ஐசோடோப்பு கலந்த குளுக்கோஸைச் செலுத்தி, காந்த அதிர்வு நிறமாலையால் தசைக்குள் கிளைகோஜன் சேர்வதை ஊசி குத்தாமலே அளந்தார்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் அந்த வேகம் மற்றவர்களில் பாதிக்கும் கீழே இருந்தது. அதற்குமேல் 2004 (எலி, கல்லீரல்), 2015 (அழற்சி), 2016 (ஏற்பி) என்று வரலாம். முழு வரைபடமும் வேண்டுமானால் 2018இல் ஃபிசியாலஜிக்கல் ரிவியூஸ் இதழில் வந்த நீண்ட மதிப்புரை. ஒரே மூச்சில் படிக்கக் கூடியதல்ல.

இந்தப் பட்டியலில் இரண்டு பீட்டர்சன்கள் வருவார்கள். மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் முன்னால் நிற்பவர் கிட் ஃபால்க் பீட்டர்சன். 2016 ஏற்பிக் கட்டுரையும் 2018 மதிப்புரையும் மேக்ஸ் பீட்டர்சனுடையவை. மேற்கோள் காட்டும்போது இருவரையும் ஒருவராக்கிவிடுவது சகஜம்.

5. கொழுப்பு எப்படிங்க இன்சுலினைத் தடுக்கும்? ரெண்டும் வேற வேற பொருள்தானே?

இன்சுலின் செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டியதும் அந்த ஏற்பி ஒரு நொதியாகச் செயல்படத் தொடங்கும். அதன் செய்தி ஐஆர்எஸ் புரதங்கள், பிஐ3-கைனேஸ் வழியாக ஏகேடி என்னும் நொதிக்குப் போகும். ஏகேடி ஒரு பக்கம் கிளைகோஜன் சேர்ப்பதை முடுக்கும். மறுபக்கம் ஃபாக்ஸோ1 புரதத்தைச் செல்லின் உட்கருவிலிருந்து வெளியேற்றி, குளுக்கோஸ் செய்யும் மரபணுக்களை அடக்கும்.

ஷுல்மன் குழுவின் வாதம் இது: கொழுப்பமிலங்கள் எரிவதையும் ஏற்றுமதியாவதையும் மீறி உள்ளே வந்தால், ட்ரைகிளிசரைடு ஆகும் வழியில் டயாசில்கிளிசரால் என்ற இடைப்பொருள் தேங்குகிறது. அது செல்லுறையில் சேர்ந்தால் பிகேசி-எப்சிலான் என்ற நொதி அங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த நொதி இன்சுலின் ஏற்பியின் 1160ஆம் இடத்திலுள்ள த்ரியோனின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஒன்றை ஏற்றுகிறது. ஏற்பியின் வேகம் குறைகிறது. 2016இல் சுண்டெலியில் இதற்கு நிகரான 1150ஆம் இடத்தை அலனினாக மாற்றிப் பார்த்தார்கள். பாஸ்பேட் ஏற இடமில்லாத அந்த எலிகள், கொழுப்புணவு கொடுத்தும் கல்லீரல் இன்சுலின் எதிர்ப்பிலிருந்து தப்பின.

2004 ஆய்வு இதற்கு அடித்தளம். மூன்றே நாள் கொழுப்புணவு கொடுத்த எலிகளில் கல்லீரலில் மட்டும் கொழுப்பு ஏறியது. தசையிலும் வயிற்றுக்குள்ளும் குறிப்பிடும்படி ஏறவில்லை. அதற்குள் கல்லீரல் இன்சுலினுக்குப் பணிய மறுத்தது. டைநைட்ரோஃபீனால் சிறு அளவில் கொடுத்துக் கொழுப்பை எரிக்கவைத்ததும் எதிர்ப்பு விலகியது. (இந்தப் பொருளை எடை குறைக்கும் மாத்திரையாக இணையத்தில் விற்கிறார்கள். உடல் வெப்பம் கட்டுமீறி ஏறி உயிர்கள் போயிருக்கின்றன. மாற்று மருந்தும் கிடையாது. தொடவே வேண்டாம்.)

6. அப்போ கல்லீரல்ல கொழுப்பு இருந்தாலே இன்சுலின் எதிர்ப்பும் இருக்கும்னு எடுத்துக்கலாமா?

கூடாது. பிஎன்பிஎல்ஏ3 மரபணுவில் ஐ148எம் என்ற மாற்றம் உள்ளவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு அதிகம் என்று 2008இல் அமெரிக்காவின் டல்லஸ் நகர ஆய்வுக் குழு கண்டது. ஆனால் அவர்களிடம் அந்த அளவுக்கு இன்சுலின் எதிர்ப்பு தென்படவில்லை. ட்ரைகிளிசரைடு சொட்டாக ஒதுங்கிக் கிடக்கும்வரை பெரிய உபத்திரவம் செய்வதில்லை.

எதிராளிகள் முன்வைத்த இன்னொரு கேள்வி சிஜிஐ-58 பற்றியது. இந்தப் புரதத்தைக் குறைத்த எலிகளில் கல்லீரலில் டயாசில்கிளிசராலும் ஏறியது. ஆனாலும் எதிர்ப்பு வரவில்லை. 2013இல் ஷுல்மன் குழுவே இதை எடுத்துப் பார்த்தது: பொருள் கொழுப்புச் சொட்டில் அடைபட்டுக் கிடக்கிறது, செல்லுறைக்கு வரவில்லை, பிகேசி-எப்சிலானும் விழிக்கவில்லை. 2020இல் இன்னும் நுணுக்கமாக, செல்லுறையிலுள்ள எஸ்என்-1,2 வடிவ டயாசில்கிளிசராலே குற்றவாளி என்றார்கள். எனவே 'கல்லீரல் டயாசில்கிளிசரால் இரட்டிப்பானது' என்று மட்டும் சொல்லும் கட்டுரையில், திசு முழுவதையும் அரைத்து அளந்தார்களா, செல்லுறையைப் பிரித்து அளந்தார்களா என்று செய்முறைப் பகுதியில் தேடுங்கள்.

7. எடை குறைச்சா இது திரும்புமா? எவ்வளவு குறைக்கணும்?

கல்லீரலைப் பொறுத்தவரை திரும்பும். எடை முழுக்க இயல்புக்கு வரவேண்டும் என்பதும் இல்லை. 2005இல் கிட் பீட்டர்சன் நீரிழிவு உள்ள 8 பேரை, கலோரி மிதமாகக் குறைத்த, கொழுப்பு மிகக் குறைந்த உணவில் வைத்தார். சராசரி 8 கிலோ குறைந்தபோது கல்லீரல் கொழுப்பு 12 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு வந்தது. கல்லீரல் மீண்டும் இன்சுலினுக்குப் பணிந்தது. தசையின் எதிர்ப்பு அப்படியே இருந்தது. வெறும்வயிற்றுச் சர்க்கரை முதலில் இறங்கி, சாப்பாட்டுக்குப் பிந்தியது அடம்பிடிப்பதற்கு இது ஒரு விளக்கம்.

கல்லீரல் அழற்சியும் தழும்பும் விலக இன்னும் அதிகம் குறைய வேண்டும்: பொதுவாக அழற்சிக்கு 7 முதல் 10%, தழும்புக்கு 10 சதவீதமும் அதற்கு மேலும். சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைக் கடுமையாகக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தாழ்சர்க்கரையில் போய் விழ நேரும்.

8. ஒல்லியா இருக்கிற நம்மாளுங்களுக்கும் ஃபேட்டி லிவர்ங்கிறாங்களே, அது இந்த ஆய்வுல வருதா?

வருகிறது. 2006இல் இதே குழு, யேல் இருக்கும் நியூ ஹேவனில் இளவயது, ஒல்லியான, நோயற்ற 482 பேரைச் சோதித்தது. இந்திய வம்சாவளி ஆண்களில் இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களின் விகிதம் மற்றவர்களைப்போல் 3 முதல் 4 மடங்கு. வெள்ளையின ஆண்களோடு ஒப்பிட்டால் கல்லீரல் ட்ரைகிளிசரைடும், இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் செய்தியும் ஏறக்குறைய இரு மடங்கு.

2010இல் வந்த தொடர்ச்சி இந்திய ஆண்களிடம் ஏபிஓசி3 மரபணு மாற்றங்களைக் காரணமாகக் காட்டியது. அடுத்த ஆண்டே பெரிய டல்லஸ் இதய ஆய்வில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. 2006 கவனிப்பை நம்பலாம். 2010 விளக்கத்தைப் பாடநூல் உண்மைபோல எழுதக் கூடாது.

9. இதுல நோய் எதிர்ப்புச் செல்களுக்கு என்ன வேலை?

1993இல் ஹோதமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழு பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தைச் சுரப்பதைக் கண்டது. அதை மடக்கியதும் இன்சுலின் வேலை மேம்பட்டது. 2003இல் இரண்டு குழுக்கள், பருமனில் கொழுப்புத் திசுவுக்குள் மேக்ரோஃபேஜ்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் குவிவதைக் காட்டின. செத்துப்போன கொழுப்புச் செல்லைச் சுற்றி இவை வளையம்போல் நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

கல்லீரலோடு இதை இணைப்பது ஷுல்மன் குழுவின் 2015 செல் இதழ்க் கட்டுரை. கொழுப்புத் திசு மேக்ரோஃபேஜ் விடும் இன்டர்லூக்கின்-6 கொழுப்புக் கரைப்பைத் தூண்டுகிறது. கரைந்த கொழுப்பமிலம் கல்லீரலுக்கு வந்து அசிட்டைல்-கோஏ என்ற இடைப்பொருள் ஆகிறது. அசிட்டைல்-கோஏ, பைருவேட் கார்பாக்சிலேஸ் என்ற நொதியை நேரடியாக முடுக்குகிறது. குளுக்கோஸ் உற்பத்தி ஏறுகிறது. இதில் கல்லீரலின் இன்சுலின் ஏற்பிக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆகவே 5ஆம் கேள்வியில் சொன்னது நேர்வழி, இது சுற்றுவழி. ஒரே நோயாளியிடம் இரண்டும் சேர்ந்தே ஓடலாம்.

கல்லீரலுக்கென்றே நிரந்தரக் காவலாக குப்ஃபர் செல்கள் உண்டு. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால்பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவதால், குடல் பாக்டீரியாவின் மிச்சங்களை முதலில் சந்திப்பவை இவைதான்.

10. அழற்சிதான் காரணம்னா ஆஸ்பிரின் போட்டா சரியாயிடுமா?

எலியில் கிடைத்த அளவு மனிதரில் கிடைக்கவில்லை. டிஎன்எஃப் எதிர்ப்புப் புரதத்தைப் பருமனான நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்த 1996 ஆய்வில் இன்சுலின் வேலையில் மாற்றம் இல்லை. ஆஸ்பிரின் வகை மருந்துகளான சாலிசிலேட்டுகள் சர்க்கரையைக் குறைக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம். 2001இல் ஷோல்சன் குழு அதற்கு ஐகேகே-பீட்டா என்ற நொதியைக் காரணமாகக் காட்டியது. அதன்பேரில் சால்சலேட் என்ற சாலிசிலேட்டை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2013இல் வந்தது: 48 வாரத்தில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) குறைந்தது 0.37 சதவீதப் புள்ளி. சிறுநீரில் ஆல்புமின் கூடவும் செய்தது.

2017இல் வெளியான கேன்டோஸ் என்ற பெரிய சோதனையில் இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுத்தபோது மாரடைப்பு குறைந்தது. புதிதாக நீரிழிவு வருவது குறையவில்லை. அழற்சி இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான், தொடக்கப்புள்ளி அல்ல என்பதே இன்றைக்கு நியாயமான வாசிப்பு. சர்க்கரைக்காக ஆஸ்பிரினைச் சொந்தமாக அதிகம் விழுங்கினால் இரைப்பையில் ரத்தம் கசியும்.

11. கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்கலைன்னா கொழுப்பு செய்யறதையும் நிறுத்தணுமே? ஏன் கூடுது?

நல்ல கேள்வி. 2008இல் டல்லஸ் ஆய்வாளர்கள் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் கேட்டதும் இதையே. இன்சுலின் குளுக்கோஸ் உற்பத்தியை அடக்கும். எஸ்ஆர்இபிபி-1சி என்ற புரதம் வழியாகக் கொழுப்பு உற்பத்தியைத் தூண்டும். இரண்டாம் வகை நீரிழிவில் முதலாவது கெடுகிறது, இரண்டாவது ஓடுகிறது. ரொனால்ட் கான் குழு உருவாக்கிய, கல்லீரலில் மட்டும் இன்சுலின் ஏற்பி இல்லாத எலியில் இரண்டுமே நின்றன: சர்க்கரை ஏறியது, ரத்த ட்ரைகிளிசரைடு தாழ்ந்தது. பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் இதைத் தேர்ந்தெடுத்த எதிர்ப்பு என்றார்கள். பாதை ஏற்பிக்குக் கீழே எங்கோ பிரிகிறது என்பது அவர்கள் கணிப்பு.

ஷுல்மன் பக்கத்து பதில் வேறு. 2015 ஆய்வில், கல்லீரலுக்கு வரும் கொழுப்பமிலத்தை ட்ரைகிளிசரைடாகக் கட்டுவதற்கு இன்சுலின் அவசியமில்லை, வரத்து இருந்தாலே போதும் என்று காட்டினார்கள். 2ஆம் கேள்வியின் 59 சதவீதத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பங்குக்கு இந்த விளக்கம் போதும். மீதமுள்ள 26 சதவீதத்துக்கு பிரவுன், கோல்ட்ஸ்டைன் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

12. சுண்டெலியில ஜிடிடி மட்டும் பண்ணிட்டு கல்லீரல் இன்சுலின் எதிர்ப்புன்னு எழுதலாமா?

எழுதினால் நல்ல ரிவியூவர் திருப்பி அனுப்புவார். ஜிடிடி என்பது குளுக்கோஸ் தாங்கும் திறன். அதில் கணையத்தின் சுரப்பு, தசை, கல்லீரல் எல்லாம் கலந்திருக்கும். கிலோவுக்கு 2 கிராம் என்று உடல் எடைக்குக் கொடுத்தால் 50 கிராம் எலிக்கு 100 மில்லிகிராம், 25 கிராம் எலிக்கு 50. கூடிய எடை கொழுப்பு. குளுக்கோஸை வாங்கும் தசை இரட்டிப்பாகவில்லை. பருத்த எலி தோற்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. மெலிதிசு எடைக்குக் கணக்கிடுங்கள். இன்சுலினையும் கூடவே அளந்துவிடுங்கள். இரவு முழுக்கப் பட்டினி போட்டால் சுண்டெலியின் கல்லீரல் கிளைகோஜன் காலியாகிவிடும். 6 மணி நேரமே போதுமானது.

கல்லீரலைத் தனியே பேச கிளாம்ப் வேண்டும்: இன்சுலினைச் சீராகச் செலுத்தி, சர்க்கரையை ஒரே அளவில் பிடித்து வைக்கும் சோதனை. கழுத்துச் சிரையில் குழாய் வைத்து, எலி அறுவைக்கு முந்தைய எடையைக் கிட்டத்தட்ட எட்டும்வரை 5 முதல் 7 நாள் விட வேண்டும். ட்ரிட்டியம் (கதிர்வீச்சுள்ள ஹைட்ரஜன்) அடையாளம் ஏற்றிய குளுக்கோஸை இரண்டு மணி நேரம் செலுத்தி அடிப்படை உற்பத்தியை அளக்க வேண்டும். பிறகு இன்சுலினைச் சீராக ஓடவிட்டு, 10 நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்து 20% டெக்ஸ்ட்ரோஸின் வேகத்தை மாற்றி 100–120 மில்லிகிராம்/டெசிலிட்டரில் நிறுத்த வேண்டும். கடைசி 40 நிமிடம் நிலையாக இருந்தால் மட்டுமே கணக்கு செல்லும். ரத்தத்துக்கு வந்த மொத்த குளுக்கோஸில் நீங்கள் செலுத்தியதைக் கழித்தால் மிஞ்சுவது கல்லீரல் செய்தது.

அதிகம் நடக்கும் தவறு இன்சுலினைக் கூட்டி வைப்பது. அப்போது இரு பிரிவிலும் கல்லீரல் உற்பத்தி பூச்சியமாகி வித்தியாசம் மறைந்துவிடும். அடுத்தது ரத்த இழப்பு. மாதிரி எடுத்த அளவுக்குச் சிவப்பணுவைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் எலி அழுத்தத்துக்கு உள்ளாகி, கார்ட்டிசோன் வகை ஹார்மோன்கள் உங்கள் விடையை எழுதிவிடும்.

13. ஒரே பரிசோதனை ஒரு லேப்ல வருது, எங்க லேப்ல வரலை. ஏன்?

மூன்றைச் சரிபாருங்கள். எலி வகை: சி57பிஎல்/6ஜே என்ற ஆய்வகச் சுண்டெலி வகையில் என்என்டி என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணு பழுது, அதன் உறவு வகையான 6என்-இல் இல்லை. 6என் பின்னணியில் செய்த நாக்அவுட்டை (ஒரு மரபணுவை நீக்கிய எலியை) 6ஜே-யோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உங்கள் மரபணுவால் வந்ததாகாது. உணவு: 60% கலோரி கொழுப்புள்ள சுத்திகரித்த தீவனத்துக்குச் சாதாரண எலித் தீவனம் ஒப்பு ஆகாது, நார்ச்சத்து, சுக்ரோஸ் எல்லாமே மாறுகிறது. அதே பொருள்களால் செய்த குறைகொழுப்புத் தீவனம்தான் ஒப்பு.

மூன்றாவது அறை வெப்பம். நமக்கு இதமான 22 டிகிரி சுண்டெலிக்குக் குளிர்; உடல்சூட்டைக் காக்கவே நிறைய எரிக்கிறது. 30 டிகிரியில் வைத்து வளர்த்தபோது கல்லீரல் நோயும் அழற்சியும் கடுமையானதை 2017இல் நேச்சர் மெடிசின் கட்டுரை காட்டியது.

14. கொழுப்புக் கல்லீரல் புற்றுநோயா மாறினா இம்யூனோதெரபி வேலை செய்யுமா? இதுக்கும் மேலே சொன்னதுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2023இலிருந்து எம்ஏஎஸ்எல்டி என்ற புதிய பெயரில் வழங்கும் இந்த நோய் அழற்சிக் கட்டத்துக்குப் போகும்போது பழைய குப்ஃபர் செல்கள் மடிந்து, ரத்தத்திலிருந்து வந்த மேக்ரோஃபேஜ்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. சிடி8 டி-செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களும் குவிந்து, குறி பார்க்காமல் கல்லீரல் செல்களைத் தாக்குகின்றன. 2021இல் நேச்சர் இதழில் ஹைகன்வால்டர் குழு, இப்படிப்பட்ட கல்லீரலில் பிடி-1 தடுப்பு என்ற இம்யூனோதெரபி மருந்து எலிகளின் கட்டியைக் குறைக்காமல் நிலைமையை மோசமாக்கியதைக் காட்டியது. வைரஸால் வந்த புற்றுநோயைவிட, வைரஸ் இல்லாமல் வந்ததற்கு இந்த மருந்துகள் குறைவாகப் பயன்படுகின்றன என்றும் மனிதத் தரவுகளைத் தொகுத்துச் சொன்னது. இது இன்னும் விவாதத்தில் உள்ளது. ஒரு நோயாளிக்கு மருந்தை மறுக்க இதை மட்டும் காரணமாக்கக் கூடாது.

15. செரமைடுதான் காரணம்னு வேற குழு சொல்லுதே? யாரை நம்பறது?

ஸ்காட் சம்மர்ஸ் குழுவின் வாதம், செரமைடு என்ற மற்றொரு கொழுப்பு ஏகேடியைத் தடுக்கிறது என்பது. செரமைடு உற்பத்தியை மிரியோசின் என்ற மருந்து கொண்டு தடுத்தபோதும், 2019இல் செரமைடு செய்யும் டிஇஎஸ்1 நொதியை நீக்கியபோதும் எலிகளின் இன்சுலின் வேலை சீரானது. இவை வலுவான முடிவுகள். அதே 2019இல் ஆஸ்திரேலியாவின் ஷ்மிட்ஸ்-பைஃபர் குழு, பிகேசி-எப்சிலானைக் கல்லீரலில் மட்டும் நீக்கினால் குளுக்கோஸ் தாங்கும் திறன் மேம்படவில்லை, கொழுப்புத் திசுவில் நீக்கினால் மேம்படுகிறது என்று காட்டியது. 5ஆம் பதிலின் வாதத்துக்கு நேர் அடி இது.

ஷுல்மன் தரப்பு, குளுக்கோஸ் தாங்கும் திறனைக் கல்லீரல் இன்சுலின் எதிர்ப்பின் அளவாகக் கொள்ள முடியாது என்று 12ஆம் பதிலில் உள்ள காரணங்களையே சொல்லும். எதிர்த்தரப்பு, உங்கள் எலிகளுக்குக் கொழுப்புணவு சில நாள்களே, நாள்பட்ட நோய் அது அல்ல என்று சொல்லும். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. செரமைடு மாறும்போது டயாசில்கிளிசராலும் பலசமயம் மாறுகிறது என்பதால், ஒன்றை மட்டும் அளந்த கட்டுரையை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாக அழைக்க வேண்டாம். இரண்டையும், அதுவும் செல்லின் எந்தப் பகுதியில் என்று பிரித்து அளந்து, கூடவே ட்ரேசரோடு (அடையாளமிட்ட குளுக்கோஸோடு) கிளாம்ப் செய்த கட்டுரைகளை முதலில் எடுங்கள். எண்ணிக்கையில் அவை குறைவு.